ஒரு டேங்க் பெட்ரோலும் ஆறு சிப்பம் அரிசியும்

ஒரு காரின் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் பிடிக்கும் என்பதும், அந்தப் பெட்ரோலைக் கொண்டு அக்கார் எவ்வளவு தூரம் ஓடும் என்பதும் இரண்டு வெவ்வேறு வினாக்களாகும். முதல் வினாவுக்குரிய விடை காரின் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாவது வினாவுக்குரிய விடை சாலையில் மட்டுமே கிடைக்கும். அதனை நான் எவ்வாறு அறிந்துகொண்டேன் என்பதை இங்கு எழுதுகிறேன்.

என் பெயர் லத்தீஃபா. ஊர் கூத்தாநல்லூர். என் கணவர் கலந்தர் மஸ்கட்டில் பணிபுரிகிறார். சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது அவர் ஒரு காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுச் சென்றார். அது வழக்கமான கார் அன்று. வீட்டுச் சுவரிலுள்ள பெரிய பிளக்கில் செருகினால் அதன் பேட்டரி நிறையும். பேட்டரி தீர்ந்துபோனால் பெட்ரோல் எஞ்சின் தானாகவே விழித்துக்கொள்ளும். எங்கள் மாடியில் சூரியத் தகடுகள் பதித்திருப்பதால், ஊருக்குள் வெயிலில் விளைந்த மின்சாரத்தில் ஓட்டலாம், தொலைவு செல்லும்போது பெட்ரோலில் ஓட்டலாம் என்று அவர் திட்டமிட்டிருந்தார். திட்டம் சிறப்பானதே. ஆனால் புறப்படும்போது சாவியை என் தம்பி அப்சரிடம் கொடுத்துவிட்டார்.

நான் ஓட்டுநர் உரிமம் பெற்றவள். ஐம்பது வயதைக் கடந்தபின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, முதல் முயற்சியிலேயே தேர்ச்சியடைந்தேன். அந்தக் காரின் கையேட்டை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை வாசித்தவர் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்தியே. அவ்வாறிருந்தும், திருவாரூர் வரை சென்றுவர வேண்டுமானால் அப்சரை அழைக்க வேண்டும். அவன் சாப்பிட்டு, சட்டை மாற்றி, வழியில் நண்பர்கள் இருவரை ஏற்றிக்கொண்டு வரும்வரை நான் கைப்பையுடன் வாசலில் நிற்க வேண்டும். பின் இருக்கையில் அமர்ந்து, அவனுடைய நண்பர்கள் தேர்ந்தெடுக்கும் பாட்டைக் கேட்டுக்கொண்டே செல்ல வேண்டும். ஆகவே அந்தச் சாவி எனக்கு வேண்டியிருந்தது. மற்றவை யாவும் அதன்பின் நிகழ்ந்தவை.

தை மாதக் கடைசியில் என் மகள் தஹ்மீனாவிடமிருந்து நற்செய்தி வந்தது. சென்னையில் ஐந்தாண்டுகளாகப் பணியாற்றிவந்த அவளுக்குத் திருவாரூருக்கு அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்துவிட்டது. அறையைக் காலி செய்துகொண்டு வீட்டுக்கே வந்துவிடப் போகிறாள். அவளையும் அவளுடைய சாமான்களையும் நானே காரில் சென்று அழைத்துவருவேன் என்று அறிவித்தேன்.

அப்போது கூடத்தில் அப்சரும் எங்கள் சாச்சி ஜன்னத் பீவியும் இருந்தார்கள். சாச்சி என்பவர் எங்கள் தாயாரின் தங்கை. எங்கள் இருவருக்கும் அவரிடம் சம அளவில் அச்சம் உண்டு.

"லாத்தா, திருவாரூரு போறது வேற, சென்னை போறது வேற" என்றான் அப்சர். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். "இது டவுனுக்குள்ள ஓட்டுற கரண்ட் வண்டி. பாதி வழில படுத்துக்கும்."

"கரண்ட் தீர்ந்தா பெட்ரோல் இருக்குல்ல?"

"டேங்கப் பாத்தீங்களா? பேட்டரிக்கு இடம் விட்டு டேங்கச் சின்னதா வச்சிருக்கான். நாப்பத்து மூணு லிட்டருதான்."

"பேட்டரியும் டேங்கும் சேர்ந்து எண்ணூத்தம்பது கிலோமீட்டர்னு புக்ல போட்டிருக்கு. சென்னை போயிட்டு வர அறுநூத்தி இருபது. சென்னைக்குள்ள ஒரு அம்பதுன்னு வச்சுக்க. அப்பவும் மிச்சம்தான்டா வரும்."

"புக்குல போட்டவன் கொள்ளிடம் பாலத்துல ஓட்டிப் பாத்தானா?" என்று அவன் சிரித்தான். "சரி, இங்க டேங்க் ஃபுல் பண்ணிட்டுக் கெளம்புங்க. போயிட்டு வீட்டு வாசலுக்கு வர்ற வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் வாங்கக் கூடாது. வாங்காம வந்துட்டீங்கன்னா வண்டி உங்களுது."

"வண்டி ஏற்கெனவே என்னுதுதான். சாவியச் சொல்லு."

"சாவி உங்களுது. வாங்கிட்டீங்கன்னா இந்தப் பேச்சே இனிமே எடுக்கக் கூடாது."

சாச்சி குறுக்கிட்டார். "பந்தயம் கட்டுறது ஹராம்டா."

"பந்தயம் இல்ல சாச்சி, ஒப்பந்தம்."

"அப்ப சரி" என்று சாச்சி ஏற்றுக்கொண்டார். அவரே சாட்சியாக என்னுடன் வருவதென்றும், அவர் கூறும் தீர்ப்பே முடிவானதென்றும் உறுதி செய்யப்பட்டது. இதை முன்மொழிந்தவன் அப்சர். சாச்சி பொய் சொல்ல மாட்டார் என்பது ஊரறிந்த செய்தி.

புறப்படுவதற்கு முந்தைய மாலை மூவரும் பெட்ரோல் பங்க்குக்குச் சென்றோம். நான் பொத்தானை அழுத்தினேன். டேங்க் மூடி திறக்கவில்லை. பங்க்கில் பணிபுரியும் வேம்பு அதை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"என்னங்கம்மா, மூடி தொறக்க மாட்டேங்குது? எங்க மேல எதுவும் கோவமா?"

இவ்வகைக் கார்களில் எஞ்சின் பல நாட்கள் வேலையின்றி இருக்க நேரிடும். அதற்குள் பெட்ரோல் ஆவியாகி வெளியேறிவிடாதபடி டேங்கை இறுக அடைத்து வைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்தியபின் உள்ளிருக்கும் அழுத்தம் தணியும் வரை சற்றுக் காத்திருந்தால் மூடி தானே திறக்கும். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே அது திறந்தது. வேம்பு என்னை மரியாதையுடன் பார்த்தார். அப்சர் வேறு பக்கம் பார்த்தான்.

டேங்கில் சிவப்பு விளக்கு எரியும் நிலையிலிருந்து முப்பத்தெட்டு லிட்டர் சென்றவுடன் குழாய் தானாக நின்றது.

"நாப்பத்து மூணு புடிக்கும்னு போட்டிருக்கே" என்றேன்.

"அடில கொஞ்சம் கெடக்கும்மா. அது கணக்குல இருக்கும், உபயோகத்துல இருக்காது" என்றார் வேம்பு. "டிராக்டருன்னா வண்டியக் குலுக்கிக் குலுக்கிக் கழுத்து வரைக்கும் ஊத்திருவேன். இதக் குலுக்கவா?"

"குலுக்கக் கூடாது!" என்று அப்சர் பாய்ந்து வந்தான். "தலை தட்டித்தான் அளக்கணும். கோபுரம் கட்டுற வேலையெல்லாம் கெடையாது."

நான் வற்புறுத்தவில்லை. காரின் திரையில் எண்ணூற்று எழுபத்திரண்டு கிலோமீட்டர் என்று ஒளிர்ந்தது. கையேட்டில் கூறப்பட்டதைக் காட்டிலும் அதிகம்! வெற்றி உறுதியென்று கருதி வீடு திரும்பினேன். அப்சரும் ஏதோ ஒரு மகிழ்ச்சியுடன் மெல்லச் சீழ்க்கையடித்துக்கொண்டு வந்தான்.

அவனுடைய மகிழ்ச்சியின் காரணம் மறுநாள் காலையில் தெரிந்தது.

எங்கள் பகுதியில் சம்பா அறுவடை முடிந்ததும் புதிய நெல்லை அரைத்து, சென்னையிலுள்ள பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் அனுப்புவார்கள். அங்கே அரிசி கிடைக்காது என்பதால் அன்று. கடை அரிசியைத் தின்று பிள்ளை இளைத்துப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே யாரேனும் காரில் சென்னை செல்வதாகத் தெரிந்தால் தெரு முழுவதும் மூட்டை கட்டும். "இடமில்லை" என்று கூறிவிட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இராது. அப்சர் முந்தைய நாள் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களிடமும், தேநீர்க் கடையிலும், போதாததற்கு மாதா கோயில் தெருவிலும் நின்று, "லாத்தா சென்னை போறாங்க, டிக்கி காலியாத்தான் இருக்கு" என்று சொல்லிவைத்திருக்கிறான்.

ஃபஜ்ர் தொழுகை முடித்து நான் வாசலுக்கு வந்தபோது ஐந்து சிப்பம் அரிசி வரிசையாக நின்றது. ஆறாவதைத் தன் கணவர் மரியஅந்தோணியின் தலையில் ஏற்றிக்கொண்டு மாதா கோயில் தெரு அமலி வந்துகொண்டிருந்தாள்.

"பல்லாவரத்துல நம்ம கிளமென்ட்டு வீட்டுல குடுத்துருங்கக்கா. புள்ளக்கிக் கட அரிசி ஒத்துக்கவே மாட்டேங்குது. இந்தா, இந்த எள்ளுருண்டை உங்களுக்கு."

சிப்பம் ஒன்றுக்கு இருபத்தைந்து கிலோ. ஆறு சிப்பங்களுடன் தேங்காய், ஊறுகாய் ஜாடி, ஒரு மாவு அரைக்கும் கல் ஆகியவையும் ஏறின. காரின் பின்பகுதி தாழ்ந்து முன்பகுதி வானத்தைப் பார்த்தது. அப்சர் கைகட்டி நின்று, "பாத்துப் போங்க லாத்தா" என்றான்.

"பாரத்த ஏத்துறதும் ஒப்பந்தத்துல இருக்கா?" என்று கேட்டேன்.

"ஏத்தக் கூடாதுன்னு இல்லியே?"

சாச்சி எள்ளுருண்டை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அமர்ந்தார்.

மயிலாடுதுறை வரை கார் மின்சாரத்திலேயே ஓசையின்றிச் சென்றது. மின்சாரத்தில் மட்டும் எண்பது கிலோமீட்டர் ஓடும் என்று கையேடு கூறியிருந்தது. ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் எஞ்சின் விழித்துக்கொண்டது. அதன்பின் திரையிலிருந்த எண்ணை நான் உற்றுநோக்கத் தொடங்கினேன். சிதம்பரத்தை அடைவதற்குள் நாங்கள் ஓடியது தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். திரையில் குறைந்ததோ இருநூறு. நாங்கள் செல்லும் வேகத்தைக் காட்டிலும் இருமடங்கு வேகத்தில் அந்த எண் கீழே சென்றது.

இதன் காரணத்தை நான் ஓட்டிக்கொண்டே ஆராய்ந்து கண்டுபிடித்தேன். திரையில் தெரியும் எண் ஒரு வாக்குறுதி அன்று. அது ஓர் ஊகம். இதுவரை கார் எவ்வாறு ஓடியதோ அவ்வாறே இனியும் ஓடும் என்று அது கருதிக்கொள்கிறது. பல மாதங்களாக அப்சர் அதை ஊருக்குள்ளேயே, பெரும்பாலும் மின்சாரத்தில், ஓட்டிவந்தான். அந்தச் சிக்கனமான பழக்கத்தை வைத்துக்கொண்டு அது எண்ணூற்று எழுபத்திரண்டு என்று துணிந்து கூறிவிட்டது. டிக்கியில் ஆறு சிப்பம் ஏறியிருப்பதை அது அறியாது. அப்சர் அறிவான்.

வேகத்தைக் குறைத்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்பதால் எழுபதிலிருந்து அறுபதுக்கு இறங்கினேன். பேருந்துகள் ஒலியெழுப்பிக்கொண்டு கடந்தன.

"லத்தீஃபா" என்றார் சாச்சி, கண்ணாடி வழியாகப் பார்த்தபடி. "கொள்ளிடம் பாலத்துல ஒரு டிராக்டரு நம்மள முந்திட்டுப் போச்சுன்னு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இப்ப ஒரு மொபெட்டுக்காரனே முந்திட்டுப் போறான். அதுல ரெண்டு ஆடு வேற ஒக்காந்திருக்கு."

"பெட்ரோல் மிச்சம் சாச்சி."

"அந்த ஆடு நம்மளத் திரும்பிப் பாக்குதுடி."

பல்லாவரம் வந்தடைந்தபோது பெட்ரோல் முள் பாதிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. திரை இருநூற்றைம்பத்தைந்து என்றது. வீடு திரும்ப முந்நூறுக்கு மேல் தேவை. சென்னைக்குள் ஓடவேண்டியது வேறு. கையேடு எப்படிக் கூறினாலும், இந்தக் கார் இந்தப் பாரத்துடன் இந்தச் சாலையில் ஒரு டேங்கில் சென்று திரும்பாது என்பது எனக்கு ஐயமின்றி விளங்கிவிட்டது. சாவி என் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. இனி ஒவ்வொரு முறையும் கைப்பையுடன் வாசலில் நிற்கும் காட்சி கண்முன் தோன்றியது.

அமலியின் மகன் கிளமென்ட்டின் மனைவி சான்ட்ரா கதவைத் திறந்தாள். அரிசிச் சிப்பத்தைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "உள்ள வாங்க ஆன்ட்டி, சாப்பிட்டுத்தான் போகணும். வஞ்சிரம் வாங்கிருக்கேன்" என்றாள்.

"இல்லம்மா, இன்னும் அஞ்சு வீட்டுக்குப் போகணும். தண்ணி மட்டும் குடு" என்றேன். அவ்வாறு கூறிக்கொண்டே திரும்பியபோது, கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நேர் எதிரே, தண்ணீர் மோட்டாருக்காகச் சுவரில் பொருத்தியிருந்த பெரிய மூன்று முனைப் பிளக் தென்பட்டது.

நான் அசையாமல் நின்றேன். பிறகு சாச்சியைப் பார்த்தேன். சாச்சி அந்தப் பிளக்கைப் பார்த்தார்.

"ஏமாத்து வேலையா இருக்கப் போவுது" என்றார்.

"அவன் என்ன சொன்னான் சாச்சி? ஒரு சொட்டு பெட்ரோல் வாங்கக் கூடாதுன்னு சொன்னான். கரண்ட்டப் பத்திப் பேசவே இல்ல. நம்ம வீட்டுலயும் ராத்திரி பூரா கரண்ட்டுதானே ஏத்திக்கிட்டு வந்தோம்? செருகித்தான் ஓட்டணும்னே செஞ்ச வண்டி இது."

சாச்சி நெடுநேரம் யோசித்தார். உள்ளேயிருந்து மீன் வறுக்கும் மணம் வந்தது.

"எவ்வளவு நேரம் செருகணும்?"

"எவ்வளவு நேரம் செருகுறோமோ அவ்வளவுக்கு ஓடும்."

"அப்ப அவசரப்படாம சாப்பிடலாம்" என்று தீர்ப்பளித்துவிட்டுச் சாச்சி செருப்பைக் கழற்றினார்.

கிளமென்ட் மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்தபோது, தன் மோட்டார்ப் பிளக்கில் ஒரு கார் இணைந்திருப்பதைக் கண்டு கால்மணி நேரம் அதைச் சுற்றிச்சுற்றி வந்தான். "நம்மூரு அரிசியக் குடுத்துட்டுக் கரண்ட்ட ஏத்திக்கிட்டுப் போறீங்க. நல்ல பண்டமாற்று ஆன்ட்டி!" என்றான். நாங்கள் இருமுறை தேநீர் அருந்தி, அவர்களுடைய திருமணக் காணொளியை முழுவதுமாகக் கண்டு, மெதுவாகப் புறப்பட்டோம். அதற்குள் பேட்டரி பாதி நிறைந்திருந்தது. திருவான்மியூரிலுள்ள தஹ்மீனாவின் அறைவரை எஞ்சின் ஒருமுறைகூட இயங்கவில்லை.

அவளுடைய அறை நான்காம் மாடியில் இருந்தது. கீழே பிளக் ஏதும் இல்லை. ஆனால் எனக்கு அதைப்பற்றிய கவலை நீங்கிவிட்டது. மீதமிருந்த ஐந்து முகவரிகளையும் பாய்மீது பரப்பி, யார் வீட்டில் கார் நிறுத்த இடமுண்டு, யார் வீட்டில் ஏசிக்குப் பெரிய பிளக் உண்டு என்று தஹ்மீனாவும் நானும் தொலைபேசியில் ஒவ்வொருவராக விசாரித்தோம்.

"உம்மா, அரிசி கொண்டுவரோம்னு சொல்லிட்டு, உங்க வீட்டுப் பிளக் எத்தன ஆம்ப்ஸ்னு கேக்குறீங்க. என்ன நெனப்பாங்க?" என்று அவள் தரையில் புரண்டு சிரித்தாள்.

மறுநாள் முழுவதும் விருந்துதான். ஒரு வீட்டில் இடியாப்பம், மற்றொரு வீட்டில் நெய்ச்சோறு. எங்கள் பகுதியினர் சென்னையில் குடியேறினாலும் விருந்தினரை எளிதில் விடுவதில்லை. பிற நாட்களில் அது தொல்லையாக இருக்கும், அன்று அதுவே எரிபொருளாக இருந்தது. மண்ணடியில் மட்டும் வண்டியை நிறுத்தவும் இடமில்லை. சிப்பத்தை இறக்கிவிட்டு உடனே நகர வேண்டியதாயிற்று. "அங்கதான் பிரியாணி போட்டிருந்தாங்க" என்று சாச்சி அன்றைய பொழுது முழுவதும் வருந்திக்கொண்டிருந்தார். "ஒரு பிளக்கு இல்லாத குறை."

கடைசிச் சிப்பம் வண்டலூரிலுள்ள சாச்சியின் உறவினர் வீட்டுக்குரியது. நகரை விட்டு வெளியேறும் வழியில் இருப்பதால் அதை வேண்டுமென்றே கடைசியாக வைத்திருந்தேன். அன்றிரவு அங்கேயே தங்கினோம். கார் விடியும்வரை செருகியே இருந்தது.

காலையில் திரை கூறியது: பெட்ரோலில் இருநூற்று நாற்பத்தெட்டு, மின்சாரத்தில் ஐம்பத்து நான்கு. ஊர் வரை முந்நூற்றுக்குச் சற்றே குறைவு. அரிசி இறங்கிவிட்டது. அதற்குப் பதிலாகத் தஹ்மீனாவின் சிறிய குளிர்சாதனப் பெட்டியும் இரண்டு அலமாரிப் புத்தகங்களும் ஏறியிருந்தன. அவற்றின் எடையை நான் கேட்கவில்லை.

புறப்பட்டவுடன் ஒரு பொத்தானை அழுத்தினேன். பேட்டரியிலுள்ள மின்சாரத்தைத் தொடாமல் பாதுகாத்து வைக்கும் பொத்தான் அது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது பெட்ரோல் எஞ்சினே ஏற்றது. நின்று நின்று செல்லும் ஊர்ச் சாலைகளில் மின்சாரமே ஏற்றது. ஆகவே நல்ல சாலையில் பெட்ரோலைச் செலவிட்டு, மின்சாரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

சிதம்பரம் வரை யாவும் திட்டப்படியே நடந்தன. கொள்ளிடத்தைக் கடந்தபின் சோதனை வந்தது. சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். மறு பாதியில் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிவந்த லாரிகள் வரிசையாக நின்றன. எங்கள் கார் நின்றும் ஊர்ந்தும் சென்றது. மின்சாரத்தைத் தொடக் கூடாதென்று நானே கட்டளையிட்டிருந்ததால், நின்ற இடத்திலும் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. ஏசியும் பெட்ரோலைக் குடித்தது. சீர்காழிக்குள் நுழையும்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

ஏசியை அணைத்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன். வெக்கையும் நெல் தூசியும் உள்ளே வந்தன. சாச்சி முந்தானையால் விசிறிக்கொண்டு, பிறகு கண்களை மூடிச் சாய்ந்துவிட்டார். சற்றுத் தொலைவில் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது.

தஹ்மீனா பின்னாலிருந்து என் காதருகே குனிந்தாள். "உம்மா, ரெண்டே லிட்டரு. சாச்சிம்மா தூங்குறாங்க. மாமாவுக்குத் தெரியவா போகுது?"

உண்மையைச் சொன்னால் என் கை இண்டிகேட்டர் குச்சியின் மீது சென்றது. ஆனால் அவ்வாறு கிடைக்கும் சாவியைக் கொண்டு நான் எங்கே ஓட்டினாலும் என்னுடன் அந்த இரண்டு லிட்டரும் வரும். கையை எடுத்துக்கொண்டேன். பங்க் கடந்துபோயிற்று.

"தூங்கல" என்றார் சாச்சி, கண்களைத் திறக்காமலேயே.

தஹ்மீனா புத்தகக் கட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

மயிலாடுதுறையைக் கடந்து பேரளத்தை நெருங்கும்போது பெட்ரோலுக்கான எண் மறைந்து, அவ்விடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் தோன்றின. வேம்பு கூறியவாறு டேங்கின் அடியில் இன்னும் சிறிது கிடந்திருக்கும். ஆனால் அதை நம்பக் கூடாது. அதை உறிஞ்ச முயன்றால் குழாயில் காற்றுப் புகுந்து எஞ்சினுக்குக் கேடு விளையும். நான் பொத்தானை மாற்றி அழுத்தினேன். எஞ்சின் அடங்கியது. கார் மின்சாரத்தில் ஓடத் தொடங்கியவுடன் எங்கும் அமைதி சூழ்ந்தது. வாய்க்கால் மதகில் நீர் விழும் ஓசைகூடக் கேட்டது. இன்னும் நாற்பது கிலோமீட்டர். பேட்டரியில் ஐம்பத்திரண்டு.

ஐம்பத்திரண்டு என்பதும் ஊகமே என்பதை இப்போது நான் அறிந்திருந்தேன். ஆகவே திருவாரூரில் தேரோடும் வீதிப் பக்கம் போகாமல் புறவழியில் சென்றேன். முப்பத்தொன்று, இருபத்தாறு, பத்தொன்பது என்று எண் இறங்கியது. வேகத்தடைகளின் முன் மிக மென்மையாகப் பிரேக்கில் கால் வைத்தேன். அவ்வாறு வேகம் குறையும்போது சிறிதளவு மின்சாரம் பேட்டரிக்கே திரும்பும். ஒரு தடவை பதினொன்று பன்னிரண்டாக உயர்ந்ததைக் கண்டு தஹ்மீனா கைதட்டினாள்.

எங்கள் ஊர் எல்லையிலுள்ள பங்க்கின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்சர் அமர்ந்திருந்தான். உடன் நண்பர்கள் இருவர் தேநீர்க் கோப்பைகளுடன் இருந்தார்கள். கார் அங்கேதான் வந்து சேரும் என்று அவன் முடிவு செய்திருக்கிறான். எஞ்சின் ஓசையை எதிர்பார்த்திருந்ததால் நாங்கள் வந்ததை அவன் கவனிக்கவில்லை. நான் ஒருமுறை ஹாரன் அடித்தேன். நிமிர்ந்து பார்த்தான். உள்ளேயிருந்த வேம்பு கையில் குழாயுடன் இரண்டடி முன்வந்தார். நான் அவருக்குக் கையசைத்துவிட்டு நேரே சென்றேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது திரையில் ஐந்து என்றிருந்தது. நான் இறங்குவதற்குள் அப்சரின் ஸ்கூட்டர் வந்துவிட்டது.

"எங்க போட்டீங்க பெட்ரோல? சொல்லுங்க, எந்த ஊர்ல?"

"ஒரு சொட்டு வாங்கலடா. சாச்சியக் கேளு."

"வாங்கல" என்றார் சாச்சி, கால்களை நீட்டி நிமிர்த்தியபடி. "வாங்கச் சொன்ன புள்ளையும் இருக்கு. அப்பவும் வாங்கல."

"அதெப்படி வரும்? ஆறு மூட்டைய ஏத்திக்கிட்டுப் போனத நான் பாத்தேன்ல?"

"ஆறு மூட்டையும் எங்க போச்சோ அங்கல்லாம் ஒரு பிளக்கு இருந்துச்சு" என்றாள் தஹ்மீனா. "மண்ணடியத் தவிர."

அப்சர் விஷயத்தைப் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்தவுடன் குதித்தான். "கரண்ட் ஏத்துனா செல்லாது! ஒரு டேங்க்னுதான் பேச்சு! சாச்சி, நீங்க சொல்லுங்க."

தெருவில் நால்வர் ஐவர் நின்றுவிட்டார்கள். தன் மகன் அரிசி பெற்றுக்கொண்டானா என்று கேட்க வந்த அமலியும் நின்றாள். சாச்சி பொய் சொல்ல மாட்டார் என்பது எனக்கு ஆதரவான செய்தியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை அல்லவா?

சாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கரண்ட் ஏத்தக் கூடாதுன்னு நீ சொன்னியா?"

"சொல்லல. ஆனா..."

"மூட்டை ஏத்துவேன்னு சொன்னியா?"

"அது வந்து சாச்சி..."

"சொல்லாம நீ ஏத்துனது செல்லும்னா, சொல்லாம அவ ஏத்துனதும் செல்லும். ரெண்டும் செல்லாதுன்னா, மொதல்ல நீ ஆறு வீட்டுக்கும் போயி அந்தச் சிப்பத்தையெல்லாம் திருப்பி வாங்கிட்டு வா. அப்பறம் அவ திரும்பப் போயிட்டு வருவா."

"எங்க வீட்டுச் சிப்பத்தத் திருப்பி வாங்குவியா நீ?" என்று அமலி இடுப்பில் கை வைத்தாள்.

தெரு சிரித்தது. அப்சருக்கும் சிரிப்பை அடக்க இயலவில்லை. "சரி லாத்தா, ஒத்துக்கிறேன்" என்றான். தன் வீட்டில் வைத்திருந்த மாற்றுச் சாவியையும் உடனே சென்று எடுத்துவந்து, சாச்சியின் முன்னிலையில் என்னிடம் கொடுத்தான். அன்றிரவு மஸ்கட்டிலிருந்து கலந்தர் அழைத்தபோது, "ரெண்டு சாவியும் எங்கிட்டதான் இருக்கு" என்று மட்டும் கூறினேன். அவர் "சென்னை வரைக்கும் நீயா ஓட்டுன?" என்று மும்முறை கேட்டார். மும்முறையும் விடையளித்தேன்.

மறுநாள் காலை அப்சரிடமிருந்து அழைப்பு வந்தது. திருத்துறைப்பூண்டியில் அவனுக்கு ஒரு நிலப் பத்திர வேலை இருந்தது.

"லாத்தா, வண்டி கொஞ்சம் வேணுமே."

"வண்டி குடுக்க மாட்டேன். நானே கொண்டுபோய் விடுறேன், வா."

"எத்தன மணிக்கு வருவீங்க?"

"சாப்பிட்டுட்டு, துணி மாத்திட்டு, சாச்சியையும் தஹ்மீனாவையும் ஏத்திக்கிட்டு வரேன். நீ வாசல்ல நில்லு."

நான் சென்றபோது அவன் உண்மையாகவே வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பையும் இருந்தது. முன் இருக்கையில் சாச்சி அமர்ந்திருந்ததால் பின்னால் ஏறிக்கொண்டான். தஹ்மீனா தனக்குப் பிடித்த பாட்டை வைத்தாள். முதலில் பங்க்குக்குச் சென்று டேங்கை நிரப்பினோம்; நாற்பத்தொரு லிட்டர் பிடித்தது.

"அப்ப அடில ரெண்டு லிட்டருதான் கெடந்துருக்கு" என்றான் அப்சர், வியப்புடன் முன்னால் எட்டிப் பார்த்து. "லாத்தா, திரையில இப்ப எவ்வளவு காட்டுது?"

"என்னவோ காட்டுது" என்று கூறி, நான் வண்டியை எடுத்தேன்.